பாரி மகளிரும் நம் பள்ளிகளும்

(திருவொற்றியூரில், தமிழாசிரியர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்துரு)



புறநானூற்றின் 112ஆம் பாட்டு ஐந்தே அடிகளால் ஆயது. பாடியோர் பாரி மகளிர். மூவேந்தரும் சூழ்ந்து நின்று பறம்பைக் கைக்கொண்ட பின், தந்தையும் இன்றிக் குன்றும் இன்றி நின்ற பெண்பிள்ளைகள், முழுநிலாவைக் கண்டபோது பாடியது அது. போன திங்களில் இருந்தது எது, இந்தத் திங்களில் இல்லாதது எது என்று எண்ணிப் பார்க்கும் பாட்டு. அவ்வளவே. அதில் எவர்மேலும் வசை இல்லை. எவரிடமும் இரத்தல் இல்லை.

திணை யாது? பொதுவியல். துறை யாது? கையறுநிலை. மாணாக்கர் எழுதிவிடுகின்றனர், மதிப்பெண்ணும் பெற்றுவிடுகின்றனர். ஆனால், அதைப் பாடியவர்கள் போரினால் வீடும் நாடும் இழந்த பிள்ளைகள் என்பதை எத்தனை வகுப்பறைகளில் எடுத்துச் சொல்கின்றனர்? ஏதிலிப் பிள்ளைகள் தம் வாயால் பாடித் தமிழில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பாட்டு அதுவே எனலாம்.

அப்பிள்ளைகளுக்குத் துணை நின்றவர் கபிலர். அவர் இரண்டு செயல்கள் செய்தார். முதலாவது, அம்மகளிரை அழைத்துக்கொண்டு வேள்மன்னர் வாயில்தோறும் சென்று அவர்க்கு வாழ்விடம் தேடினார். மறுத்தவர்முன்னும் தலை தாழாமல் நின்றார். இரண்டாவது செயலைப் பலரும் நோக்குவதில்லை. பறம்பின் வீழ்ச்சியைக் கபிலரும் பாடினார். அவர் பெரும்புலவர், பிள்ளைகளின் துயரையும் தாமே பாடி முடித்திருக்கலாம். எனினும், கபிலர் பாடியவை கபிலர் பெயரில் நிற்கின்றன. மகளிர் பாடியது மகளிர் பெயரில் நிற்கிறது. அடைக்கலம் தந்தவன் குரல், அடைக்கலம் புகுந்தவர் குரலை மூடிவிடவில்லை. இன்றைய பொழிவின் பொருள் அந்த இரண்டாவது செயலே.

இன்று அப்பிள்ளைகள் எங்கே?

வடசென்னைக் கரை, வந்தேறிய துயர்க்குப் புதியதன்று. 1962இல் பருமாவில் படையாட்சி வந்தது. 1964இல் கடைகளும் வணிகமும் அரசுடைமையாயின. தலைமுறை தலைமுறையாக அங்கு உழைத்த தமிழர் வெறுங்கையராய்க் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினர். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் அவர்தம் குடியிருப்புகள் எழுந்தன. அதே 1964இல் சிறிமாவோ–சாத்திரி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இலங்கை மலையகத் தோட்டங்களைத் தம் வியர்வையால் வளர்த்த மக்களுள் 5,25,000 பேர் இந்தியாவிற்கு என்றும், 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் அவர்தம் ஒப்புதல் கேளாமலே பங்கிடப்பட்டனர்.

1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. நூலை எரித்த தீ ஈராண்டில் வீட்டைத் தொட்டது. 1983ஆம் ஆண்டு சூலைக் கொலைகளுக்குப் பின் ஈழத்தமிழர் படகேறி இக்கரை வந்தனர். அலை அலையாக, 2009இல் போர் முடிந்த காலம் வரையிலும் வந்தவர் மூன்று நூறாயிரத்திற்கும் மேற்பட்டோர். 2021இல் தமிழக அரசு வெளியிட்ட கணக்கின்படி, நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் வாழ்ந்தனர்.

அவை தொலைவில் உள்ளனவா? இல்லை. திருவொற்றியூரில் வடக்கு நோக்கித் தொடர்வண்டி ஏறினால், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி கடந்து கும்மிடிப்பூண்டியில் ஒரு பெருங்குடியிருப்பு. மேற்கே திரும்பினால் புழலில் மற்றொன்று. அங்குள்ள ஆடவர் பலர்க்கு வாய்த்த தொழில் கட்டடங்களுக்கு வண்ணம் பூசுதல். பிறர் வீட்டுச் சுவரை நிறமாக்கிவிட்டு மாலையில் பத்தடி அறைக்குத் திரும்பும் தந்தையின் பிள்ளைகளே, ஆசிரியர் பெருமக்களே, இப்பகுதிப் பள்ளிகளின் இருக்கைகளில் அமர்ந்துள்ளனர்.

இன்று பள்ளிக்கு வரும் இப்பிள்ளைகளிற் பெரும்பாலார் இம்மண்ணிலேயே பிறந்தவர். குண்டு விழுந்ததை அவர்கள் கண்டதில்லை. அவ்வாறாயின் அவர்க்கு என்ன குறை என்று சிலர் வினவுவர். பாட்டியின் ஊரைக் கேட்டுக் கேட்டே வளர்ந்து, அவ்வூரைக் காணாத பிள்ளைகள் அவர்கள். பிறந்த நாட்டிலும் குடியுரிமை இல்லை. 1987ஆம் ஆண்டு சூலை முதல் நாளுக்கு முன் இந்நாட்டில் பிறந்தோர்க்குப் பிறப்பால் குடியுரிமை உண்டு. அதற்குப் பின் பிறந்த ஏதிலிப் பிள்ளைக்குச் சட்டத்தின் அக்கதவு திறக்கவில்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் மூன்று நாடுகளிலிருந்து வந்தோரைச் சொல்லிற்றே தவிர, இலங்கையைச் சொல்லவில்லை. 1991க்குப் பின் சில ஆண்டுகள் கல்லூரி வாயில்களும் அவர்க்கு இறுகின. ஆகவே, எட்டாம் வகுப்பிலேயே அப்பிள்ளை தனக்குள் ஒரு வினாவை எழுப்பிக்கொள்கிறது: படித்து என்ன பயன்? அவ்வினாவை உரக்கக் கேட்டால் விடை சொல்லலாம். அது கேட்பதில்லை, வாய் மூடி இருக்கிறது. ஒருநாள் வண்ண வாளியைத் தூக்கிக்கொண்டு தந்தையின் பின்னே போய்விடுகிறது.

பெயர் சொல்லி அழைத்தல்

'அகதி' என்பது வடசொல். கதியற்றவர் என்பது அதன் பொருள். அதனை விலக்கி 'ஏதிலி' என்று எழுதுகின்றோம், எழுதுவது முறையே. ஆனால், ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பழந்தமிழில் ஏதிலார் என்றால் அயலார். தமிழ்ப்பிள்ளை தமிழ்நாட்டுப் பள்ளியில் அயலாரா? சட்டநூலில், கணக்கேட்டில் அச்சொல் இருக்கட்டும். வகுப்பறையில் வருகைப் பதிவின்போது, "முகாம் பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள்" என்று சொல்லும் வழக்கம் எங்கேனும் இருந்தால், அது இன்றே ஒழிதல் வேண்டும். தூய தமிழ்ச் சொல்லாயினும், பிள்ளையைக் குத்துமாயின் அது தூய்மையன்று. 2021இல் அரசே அம்முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. புதிய வீடுகளும் கட்டத் தொடங்கியது. பலகையில் மாறிய பெயர் ஆசிரியர் நாவிலும் மாற வேண்டாவா? பிள்ளைக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று உண்டு. அப்பெயரே போதும்.

நாவைப் பறிக்கலாகாது

இனித் தமிழாசிரியர்க்கே உரிய செய்திக்கு வருவோம்.

சுட்டெழுத்துகள் மூன்று என்று தொல்காப்பியம் வகுத்தது: அ, இ, உ. அவன் என்பது சேய்மை. இவன் என்பது அண்மை. இரண்டிற்கும் இடைப்பட்டதும், கேட்பவன் பக்கத்ததும் உகரச்சுட்டால் குறிக்கப்படும். வகுப்பில் இதனைக் கற்பிக்கும்போது, "உகரச்சுட்டு பழைய வழக்கு, இன்று இல்லை" என்று கூறிக் கடந்து செல்கின்றனர். உண்மை அதுவா? யாழ்ப்பாணத் தமிழர் இன்றும் 'உவன்' என்கின்றனர், 'உது' என்கின்றனர், 'உங்கே' என்கின்றனர். தொல்காப்பியர் கண்ட சுட்டு, முதல் இருக்கையில் அமர்ந்துள்ள முகாம் பிள்ளையின் பாட்டி வாயில் உயிரோடு இருக்கிறது! அப்பிள்ளை வீட்டுப் பழக்கத்தால் "உது என்ன?" என்று கேட்டால் வகுப்பு சிரிக்கிறது, சில வேளை ஆசிரியரும் சிரிக்கிறார். எவர் எவரைப் பார்த்துச் சிரிப்பது? இலக்கணத்தை ஏட்டில் மட்டும் வைத்திருப்பவர், நாவில் வைத்திருப்பவரைப் பார்த்துச் சிரிப்பதா?

அவர்கள் 'கதைத்தல்' என்பர், 'வடிவு' என்பர், 'ஏலாது' என்பர், 'விளங்கவில்லை' என்பர். எல்லாம் நல்ல தமிழ். அவர்கள் 'ஆறுதலாகச் செய்' என்றால் மெல்லச் செய், பதறாமற் செய் என்று பொருள். இங்கே ஆறுதல் என்றால் துயர் தணித்தல். ஒரு சொல்லின் இரு கிளைகள் இரு கரைகளிலும் தழைத்துள்ளன. துயருற்ற பிள்ளைக்கு இவ்விரண்டு ஆறுதலும் வேண்டும் என்பதை எந்த உளநூல் இதனினும் சுருங்கச் சொல்லும்?

'கதிரை' என்று அப்பிள்ளை சொன்னால் அது போர்த்துக்கீசியச் சொல் என்று திருத்த விரைபவர் நம்முள் உண்டு. நாற்காலி என்னும் சொல்லைக் கற்பிக்கட்டும்; தவறில்லை. ஆனால் அது இரண்டாம் வேலை. வீட்டை இழந்த குடும்பத்துப் பிள்ளையிடம், அவ்வீட்டில் வழங்கிய சொல்லையும் முதல் நாளிலேயே பறிப்பது தமிழ்த்தொண்டு ஆகாது. முதலில் அது அஞ்சாமல் பேசட்டும். அச்சம் தீர்ந்த நாவே தூய தமிழை விரும்பி ஏற்கும். கூசிய நா எதையும் ஏலாது.

ஈழத்திற்குத் தமிழகம் பட்ட கடன் சிறிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இளங்கலைப் பட்டதாரிகளுள் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை, கலித்தொகையை 1887இல் அச்சேற்றியவர் அவரே. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராய் 1931இல் அமர்ந்த விபுலாநந்த அடிகள் மட்டக்களப்பு மண்ணினர். மறைந்த யாழை 1947இல் 'யாழ்நூல்' வழியாக மீட்டுத் தந்தவர். அவர்தம் மண்ணின் பிள்ளை நம் பள்ளியில் பேச அஞ்சுமாயின், வட்டியும் முதலுமாகக் கடன் ஏறுகின்றது என்பதே பொருள்.

கலை எவ்வாறு துணை செய்யும்?

நேரே சொல்ல ஏலாததைப் பிள்ளை கதையாகச் சொல்லும். தன் அச்சத்தை 'எனக்கு' என்று கூற அஞ்சும் பிள்ளை, முயலுக்கு வந்த அச்சமாகக் கூறும். முகமூடி அணிந்தால் முகம் வெட்கப்படாது. களிமண்ணைப் பிசையும் கை, இறுக்கத்தை விடும். பலரோடு கூடி அடவு வைக்கும்போது, தனித்து நின்ற பிள்ளையைத் தாளம் வட்டத்திற்குள் இழுத்துக்கொள்ளும். திக்கிப் பேசும் பிள்ளையும் பாட்டில் திக்காது. இதற்குப் பெரும்பொருள் வேண்டா, பேரறைகள் வேண்டா. தாளும் கரித்துண்டும் மண்ணும் பறையும் போதும்.

இதனை நமக்குக் கற்றுத்தரும் ஆசான்கள் ஈழத்திலேயே உள்ளனர். யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் 'கூடி விளையாடு பாப்பா' என்னும் சிறுவர் நாடகத்தைப் படைத்தார். போர் மூண்ட பின்னரும் நாடகத்தைக் கைவிடாமல், 'மண் சுமந்த மேனியர்', 'அன்னை இட்ட தீ' போன்றவற்றால் மக்கள் உளத்தின் புண்களை மேடையில் பேசவைத்தார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்து அதன் பெருமையை நிலைநாட்டினார். அவர் வழிவந்த மட்டக்களப்புப் பேராசிரியர் சி. மௌனகுரு, 'தப்பி வந்த தாடி ஆடு', 'வேடரை உச்சிய வெள்ளைப் புறாக்கள்' என்னும் நாடகங்களைச் சிறுவர்க்கென்றே ஆக்கினார். வலைப்பட்ட புறாக்கள் ஒன்றுபட்டுப் பறந்து வேடனை ஏமாற்றும் பழங்கதை, போர்க்காலப் பிள்ளைக்கு வெறுங்கதையன்று.

அந்த மட்டக்களப்பிலேயே 1996இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று ஒன்று தொடங்கப்பெற்றது. பால் சற்குணநாயகம் அடிகளாரும், கனடா நாட்டு ஓவியர் பால் ஓகனும் அதன் முதல்வர். போர் நடுவே, ஊர்ப்பள்ளிகளிலிருந்து தமிழ்ப் பிள்ளைகளையும் முசுலீம் பிள்ளைகளையும் ஒருங்கே வண்டியில் அழைத்து வந்து, மரமும் விலங்குகளும் நிறைந்த தோட்டத்தில் கதை சொல்லவும் வரையவும் மண்ணில் உருவம் செய்யவும் விட்டனர். ஒருவரையொருவர் பகையென்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள் ஒரே மண்ணைப் பிசைந்தனர்.

கடல் கடந்தும் சான்றுகள் உள. வியன்னாவில் பிறந்த பிரீடல் டிக்கர்-பிராண்டைசு என்னும் யூத ஓவியர், 1942 இறுதியில் செக் நாட்டுத் தெரெசின் சிறைமுகாமில் அடைக்கப்பட்டார். அங்கே அவர் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பித்தார். ஒவ்வொரு பிள்ளையும் தன் ஓவியத்தில் தன் பெயரை எழுத வேண்டும் என்பது அவர் வைத்த முறை. எண்ணிட்டு எண்ணப்பட்ட இடத்தில் பெயர் எழுதச் செய்தார்! 1944 அகுதோபரில் ஆசுவிட்சுக் கொலைக்களத்திற்கு அவர் கொண்டு செல்லப்பட்டு உயிரிழந்தார். ஏறத்தாழ 4,500 ஓவியங்கள் இரு பெட்டிகளில் மறைத்துவைக்கப்பட்டுப் பிழைத்தன. அப்பிள்ளைகளுட் பலர் பிழைக்கவில்லை. அவர்தம் பெயர்கள் பிழைத்தன.

போலந்து நாட்டு வார்சாவில், மருத்துவர் யானுசு கோர்ச்சாக்கு தம் காப்பகப் பிள்ளைகளைக் கொண்டு 1942 சூலை 18ஆம் நாள் ஒரு நாடகம் நடத்தினார். அது நம் நாட்டுத் தாகூரின் 'அஞ்சல் நிலையம்'. நோயால் அறையைவிட்டு வெளியேற ஏலாத சிறுவன் ஒருவன் பலகணியருகே அமர்ந்து, தெருவிற் போவோரோடெல்லாம் உரையாடி உலகைக் காணும் கதை. மதிலுக்குள் அடைபட்ட பிள்ளைகள் அந்நாடகத்தை நடித்தனர். மூன்று கிழமைக்குள் கோர்ச்சாக்கும் பிள்ளைகளும் கொலைமுகாமிற்கு அனுப்பப்பட்டனர். தப்பிச் செல்ல வாய்ப்பிருந்தும் அவர் பிள்ளைகளை விட்டுப் போகவில்லை. கபிலரின் உடன்பிறப்பு என்று அவரைச் சொல்லலாம்.

நம் குறை

ஆசிரியர் பெருமக்களே! இங்கே கசப்பான ஒன்றையும் பேசவேண்டும். ஈழத்திற்காக உருகும் கூட்டங்களில் முகாம்பிள்ளை ஒன்றை மேடையேற்றி, அதன் குடும்பத் துயரை ஒப்பிக்கச் செய்து, அவையோர் கண்ணீர் உகுத்துக் கைதட்டி, ஒரு பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. மறுநாள் அப்பிள்ளை வகுப்பில் எங்கே அமர்கிறது, அதன் கட்டணத்தை யார் கட்டினார் என்று கேட்பவர் எத்தனை பேர்? பிள்ளையின் கண்ணீர் நம் முழக்கத்திற்கு எண்ணெய் ஆகலாகாது. போரை வரை என்று எவரும் பிள்ளையிடம் கட்டளையிடலாகாது. அது பட்டம் வரைந்தால் பட்டமே வரையட்டும். மாம்பழம் வரைந்தால் மாம்பழமே வரையட்டும். மகிழ்ச்சியும் அதன் உரிமையே. ஆறாத உளவடு தெரியுமானால், அதனைக் கிளறாமல் உளமருத்துவரிடம் ஒப்படைத்தலே ஆசிரியர் கடமை. கலை துணை, மருத்துவத்திற்கு மாற்றன்று.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, ஈழத்துச் சிறுவர் பாட்டுகளை நம் வகுப்பிற்குக் கொண்டு வருதல் வேண்டும். 'தங்கத் தாத்தா' என்று அங்குள்ளோர் போற்றும் நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் 'ஆடிப்பிறப்பு', 'கத்தரித் தோட்டத்து வெருளி' ஆகியவற்றை எல்லாப் பிள்ளைகளும் பாடட்டும். தன் பாட்டி பாடிய பாட்டைக் காசிமேட்டு மீனவப் பிள்ளையும் பாடக் கேட்கும் முகாம் பிள்ளைக்கு அதுவே வரவேற்பு மடல்.

இரண்டாவதாக, சொல் திரட்டு. இக்கரைப் பிள்ளையும் அக்கரைப் பிள்ளையும் கடலின் பிள்ளைகளே. காற்றின் பெயர், மீனின் பெயர், வலையின் பெயர், படகின் உறுப்புப் பெயர் ஆகியவற்றை இருவரும் தத்தம் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு வந்து ஒரே ஏட்டில் எழுதட்டும். வாடை எது, கொண்டல் எது, கச்சான் எது, சோழகம் எது. எப்பெயர் இருவர்க்கும் பொது, எது ஒருவர்க்கே உரியது என்று ஒப்பு நோக்கட்டும். அகரமுதலிக்கு எட்டாத சொற்கள் அவ்வேட்டில் சேரும். ஏளனத்திற்கு ஆளான நா, அன்று சான்று கூறும் நா ஆகும்.

மூன்றாவதாக, கூத்து. வடமோடியும் தென்மோடியும் அறிந்த பெரியோர் முகாம்களில் இருப்பின் பள்ளிக்கு அழைத்தல் வேண்டும். தொண்டை மண்டலத் தெருக்கூத்துக் கலைஞரையும் உடன் அழைத்தல் வேண்டும். 2022 முதல் பள்ளிக்கல்வித் துறை நடத்திவரும் கலைத்திருவிழாவில் அவ்விரண்டும் ஒருங்கே ஏறட்டும்.

நான்காவதாக, பிள்ளைகள் எழுதியும் வரைந்தும் ஆக்கும் கையெழுத்து ஏடு. ஒவ்வொரு பக்கத்திலும் ஆக்கிய பிள்ளையின் பெயர் இருத்தல் வேண்டும். திருத்தும் ஆசிரியர், எழுத்துப்பிழையைத் திருத்தலாம். பிள்ளையின் குரலைத் திருத்தலாகாது.

ஐந்தாவதாக, மாலைப் படிப்பு. 1984இல் சா. செ. சந்திரகாசன் முதலானோர் நிறுவிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், ஏதிலியரே ஏதிலியர்க்குக் கற்பிக்கும் முறையை முகாம்களில் வளர்த்தது. அவ்வகைத் தொண்டர்க்கு நூல்களும் நேரமும் கொடுத்து உடன் நிற்றல், பக்கத்துப் பள்ளியாசிரியரால் இயலாததன்று.

கலை குடியுரிமை தருமா என்று கேட்கலாம். தாராது. அதனைச் சட்டமே தரவேண்டும். அதற்கான குரலும் ஓயலாகாது. ஆயினும், தன் வழக்கைப் பிறர் எடுத்துரைக்கக் காத்திருக்கும் தலைமுறை ஒன்று. தானே எழுந்து தன் தமிழில் எடுத்துரைக்கும் தலைமுறை ஒன்று. இவ்விரண்டில் எது வேண்டும் என்பது வகுப்பறையில் முடிவாகிறது. பாரி மகளிர் ஐந்தடியில் பாடியதை ஈராயிரம் ஆண்டுகளாக எந்த வேந்தனாலும் அழிக்க இயலவில்லை.

நாளைக் காலை மணி அடிக்கும்; வருகைப் பதிவு தொடங்கும். பின்னிருக்கையில் ஒரு பிள்ளை வாய் மூடி அமர்ந்திருக்கும். அதன் பெயரைச் சொல்லி அழையுங்கள். அதன் ஊர்ச்சொல் ஒன்றைக் கேளுங்கள். கரும்பலகையில் அச்சொல்லை எழுதி, இதுவும் தமிழ் என்று வகுப்பிற்குச் சொல்லுங்கள்.

வாழ்க தமிழ்! வாழ்க தமிழ்ப் பிள்ளைகள்!